அம்பைச் செய்தவரின் பங்கு

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய இராணுவம் தன்னிடமிருந்த லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 ரைபிள்களுள் குறி பிசகாதவற்றைப் பொறுக்கியெடுத்து, இலண்டனிலிருந்த ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் என்ற துவக்குக் கம்பனிக்கு அனுப்பியது. அங்கே துவக்கின் இடப்பக்க இரும்பில் இரண்டு தட்டுகளைப் பொருத்தி, அவற்றின்மேல் மூன்று மடங்கு உருப்பெருக்கும் தொலைநோக்கியை ஏற்றினார்கள். இப்படி இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட துவக்குகள் கண் பெற்றன. இதில் என் மனதில் நின்றது ஒரு சின்ன விடயம்தான். எந்தத் தொலைநோக்கி எந்தத் துவக்குக்கு உரியது என்று இலக்கமிட்டு வைத்தார்கள். கண்ணாடியின் இலக்கத்தைத் துவக்கின் மரத்திலே பொறித்தார்கள். ஒன்றின் கண்ணை மற்றொன்றுக்கு மாட்டினால் குறி தப்பிவிடும். எழுதிவைத்த ஜோடி என்று சொல்லலாம்.

அந்த ஜோடி வழக்கம் பிறகு போய்விட்டது. 1995இல் அமெரிக்க இராணுவம் ஒரு தரத்தை எழுதி வெளியிட்டது. நியூ ஜேர்சியிலுள்ள பிக்கட்டினி என்ற ஆயுத நிலையத்தின் பெயரால் அது அறியப்படுகிறது. துவக்கின் முதுகில் பொருத்தும் ஒரு நீள உலோகத் துண்டு, அதன் குறுக்கே வரிசையாகக் காடிகள். காடியின் அகலம் 5.23 மில்லிமீற்றர். ஒரு காடியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 10.01 மில்லிமீற்றர். இதை ‘ரெயில்’ என்கிறார்கள். இந்த அளவுக்கு வெட்டிய எந்த ரெயிலிலும் இந்த அளவுக்குச் செய்த எந்தக் கண்ணாடியும் ஏறும். யார் யாருக்கு என்று எழுதி வைக்க வேண்டிய தேவை இல்லாமற் போனது.

இனிக் கேள்விக்கு வருகிறேன். எங்கோ ஒருவர் அந்த ரெயிலை வாங்கி, போரில் மிஞ்சிய ஒரு பழைய துவக்கில் பூட்டி, சுட்டுப் பார்த்து, ‘இது அசையவில்லை, நம்பி வாங்கலாம்’ என்று கிஞ்சித்தும் பொய் கலவாமல் சொல்கிறார். அவருடைய நேர்மை எந்த இடம்வரை செல்லும் நேர்மை? ரெயில் அசையவில்லை என்பதோடு அவர் கடமை தீர்ந்ததா?

கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று வாசகர் கேட்கக்கூடும். ஆசிரியர் கலாசாலையில் என்னோடு ஒரே அறையில் இருந்து படித்த நண்பர் ஒருவர் படிப்பித்தலை விட்டுவிட்டுக் கனடா போனார். விடுமுறையில் வந்து வெள்ளவத்தையில் கடலோரமாக ஒரு தொடர்மாடியில் தங்கியிருந்தபோது என்னைக் கூப்பிட்டார். அவரிடம் அங்கே அனுமதிப்பத்திரத்தோடு ஒரு லீ-என்ஃபீல்ட் இருக்கிறது. ரொறொன்ரோவுக்கு அருகே லோங் பிராஞ்ச் என்ற இடத்திலிருந்த தொழிற்சாலையில் 1940களில் செய்யப்பட்டது. நமக்கு வியப்பாக இருக்கலாம், கனடாவில் அந்தத் துவக்கு மான் வேட்டைக்குரிய சாதாரணப் பொருள். வட பகுதியில் காவல் செய்யும் கனேடிய ரேஞ்சர்கள் 1947 தொடக்கம் எழுபது வருடங்கள் அதையே தூக்கித் திரிந்தார்கள். அண்மைக் காலத்தில்தான் புதியதுக்கு மாறினார்கள்.

அந்தத் துவக்குக்கு ஒரு ரெயில் வாங்கிச் சோதித்த கதையை நண்பர் இரண்டு மணித்தியாலம் சொன்னார். நடுவில் இரண்டு தரம் கரையோர ரெயில் போனது. ஜன்னல் கண்ணாடி நடுங்கும்போது பேச்சை நிறுத்தி, நின்றபின் விட்ட சொல்லிலிருந்தே தொடர்ந்தார்.

பழைய துவக்கு வெறுங்கண்ணால் குறிபார்க்கச் செய்யப்பட்டது. ரெயிலைத் தாங்க அதன் மேற்பக்கத்தில் இடமில்லை. இரும்பைத் துளைத்துத் திருகாணி போடலாம். ஆனால் எண்பது வயதான ஒன்றைத் துளைக்க அவருக்கு மனம் வரவில்லை. எனவே பின்பக்கக் குறிகாட்டியைத் தாங்கும் ஊசியின் துவாரத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு வகையை வாங்கினார். துளைக்காமல் பூட்டுவதில் ஆபத்து என்னவென்றால், வெடிக்கும்போது துவக்கு பின்னால் உதைக்கிறது, மேலிருக்கும் கண்ணாடி தன் பாரத்தால் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. இந்த இழுபறி முழுவதும் இரண்டு மூன்று திருகாணிகளின் தலையில் விழும்.

எவ்வளவு அசைந்தால் எவ்வளவு தப்பும் என்று நான் கேட்டேன். பதிலை நானே கடதாசியில் போட்டுப் பார்த்தேன், இயல்பொத்த முக்கோணிக் கணக்குத்தான். பதினைந்து சென்ரிமீற்றர் நீளமான ரெயிலின் ஒரு முனை, ஒரு கடதாசித் தாளின் தடிப்பான 0.1 மில்லிமீற்றர் விலகினால், நூறு மீற்றருக்கு அப்பால் குறி ஏறக்குறைய 6.7 சென்ரிமீற்றர் விலகும். முந்நூறு மீற்றரில் இருபது சென்ரிமீற்றர். அந்த இருபது சென்ரிமீற்றரில் மானின் நெஞ்சு இருந்த இடத்தில் அதன் வயிறோ காலோ வந்துவிடும்.

நண்பர் சோதித்த முறை நேர்த்தியானது. முதலில் ரெயில் பூட்டாமல், துவக்கின் சொந்தக் குறிகாட்டியால் ஐந்தைந்து வெடிகளாகச் சுட்டு, துளைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பார்த்து வைத்துக்கொண்டார். துவக்கின் குறையை ரெயிலின் தலையில் கட்டக் கூடாது அல்லவா? பிறகு ரெயிலைப் பூட்டி, திருகாணித் தலையிலிருந்து ரெயிலுக்குக் குறுக்கே வெள்ளைப் பெயின்றால் ஒரு கோடு இழுத்தார். திருகாணி மயிரிழை திரும்பினாலும் கோடு உடைந்து காட்டும். இருபது வெடிக்குப் பிறகு கோடு உடைந்தது. இறுக்கினார். அறுபதாவது வெடிவரை நின்றது. கழற்றிப் பூட்டிப் பார்த்தார், துளைகள் இரண்டு விரலளவு இடப்பக்கம் போயின. இன்னொரு தரம் கழற்றிப் பூட்டினார், அதே இரண்டு விரல். இவ்வளவையும் ஒரு கொப்பியில் எழுதிச் சுடும் கழகத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் காட்டினார். ரெயிலை விற்ற கடைக்காரர் முகம் சுளித்தபோதும் ஓர் இலக்கத்தையும் மாற்றவில்லை.

“கடதாசி பொய் சொல்லாது மச்சான்” என்றார். “துளை விழுந்த இடம்தான் துளை.”

நான் அவரைச் சீண்டிப் பார்த்தேன். நோன்பு நோற்கிற மனிசனுக்கு இது என்ன பொழுதுபோக்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஸஹீஹ் முஸ்லிமில் ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரழி) அறிவிக்கும் ஹதீஸை நினைவூட்டினார். எல்லாவற்றிலும் நேர்த்தி விதிக்கப்பட்டிருக்கிறது, அறுப்பவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு பிராணியின் வேதனையைக் குறைக்கட்டும் என்ற கருத்துடைய ஹதீஸ் அது. “நான் கத்தி தீட்டுறன், அவ்வளவுதான். சோதிக்காத துவக்கால சுட்டா மான் காயத்தோட ஓடி ரெண்டு நாள் கிடந்து சாகும்” என்றார்.

இதற்கு என்னிடம் மறுப்பு இருக்கவில்லை. இன்றும் இல்லை. அவர் சொன்னதன் நியாயத்தை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கட்டுத்துவக்கு என்றால் போதும். ஒரு குழாயில் மருந்தும் ஈயத் துண்டும் அடைத்து, மிருகம் வரும் தடத்தில் மரத்தோடு கட்டி, பாதைக்குக் குறுக்கே நூல் இழுத்து விடுவார்கள். கட்டியவர் வீட்டில் நித்திரை. நூலில் பன்றி தட்டினாலும் வெடிக்கும், விறகுக்குப் போன மனிதரின் கால் தட்டினாலும் வெடிக்கும். யானைகள் பட்டு, புண் அழுகி, மாதக்கணக்கில் நொண்டித் திரிந்து செத்திருக்கின்றன. உலகத்திலுள்ள துவக்குகளில் மிகக் குருடானது அதுதான். யார், எது, எப்போது என்று ஒன்றும் அதற்குத் தெரியாது. அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வெள்ளைக் கோடு இழுத்துத் திருகாணியைக் காவல் காக்கும் மனிதர் ஒழுக்கத்தில் வெகுதூரம் முன்னே நிற்கிறார்.

ஆனால் குருட்டுத் துவக்கின் எதிர்முனையில் கருணை நிற்கிறதா என்பதுதான் என் சந்தேகம். நாங்கள் பேசிக்கொண்டிருந்த அதே கொழும்பில், 2005 ஆகஸ்ட் 12ஆம் திகதி இரவு, வெளிநாட்டமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் புல்லர்ஸ் லேனில் தன் வீட்டு நீச்சல் தடாகத்திலிருந்து வெளியே வந்தபோது, அயல்வீட்டு மேல்மாடியில் ஒளிந்திருந்து குறிபார்த்தவரால் சுடப்பட்டு இறந்தார். அரசாங்கம் புலிகளைக் குற்றஞ்சாட்டியது, புலிகள் மறுத்தார்கள். அரசியல் அப்படி இருக்கட்டும். அந்தக் குண்டு பக்கத்தில் நின்ற ஒருவரையும் தொடவில்லை. அதற்கு முன்னர் எங்கோ ஒரு திடலில் யாரோ ஐந்தைந்தாகச் சுட்டு, கடதாசியில் துளைகளைப் பார்த்து, கோடு உடையவில்லை என்று திருப்திப்பட்டிருக்க வேண்டும். அங்கேயும் கடதாசி பொய் சொல்லியிருக்காது.

பார்வை தெளிந்தால் மனம் இளகும் என்று நினைக்க நமக்கெல்லாம் விருப்பம். தூரத்தில் புள்ளியாகத் தெரிவதைக் கண்ணாடி முகமாக்கிக் காட்டும்போது விரல் தயங்காதா என்று நான்கூட நண்பரிடம் கேட்டேன். கேட்டுவிட்டு, காத்தான்குடியை நினைத்துக்கொண்டேன். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இஷாத் தொழுகையில் மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சுட்டவர்களுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. சில அடி தூரம்தான். சிறுவர்களின் தொப்பியும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அருகாமை ஒருவரையும் காப்பாற்றவில்லை. எனவே தொலைநோக்கி கொலையை எளிதாக்குகிறது என்றோ கடினமாக்குகிறது என்றோ பொதுவாகச் சொல்லிவிட எனக்குத் துணிவில்லை. அது ஒரேயொரு காரியத்தை மட்டும் செய்கிறது: ‘எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை’ என்று சொல்லும் வாய்ப்பைச் சுடுபவரிடமிருந்து பறித்துவிடுகிறது. கட்டுத்துவக்குக் கட்டியவருக்கு அந்தச் சாட்டு மிச்சமிருந்தது.

அப்படியானால் பார்த்தவர் சுட்டவர்தானே, ரெயில் செய்தவருக்கும் சோதித்தவருக்கும் இதில் என்ன என்று கேட்கலாம். நண்பர் கேட்டார். “என்ட நிய்யத் மான். மத்தவன்ட நிய்யத்துக்கு நான் எப்பிடிப் பொறுப்பு?”

நம் மரபில் இக்கேள்வி புதிதல்ல. ஓர் அம்பினால் மூவர் சுவனம் புகுவர் என்று உக்பா இப்னு ஆமிர் (ரழி) வழியாக ஒரு ஹதீஸ் உண்டு. நன்மை நாடி அதைச் செய்தவர், எய்தவர், எடுத்துக் கொடுத்தவர் என்ற மூவர். அதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து அறிஞர்களிடையே பேச்சு இருக்கிறது. ஆனாலும் அபூதாவூதிலும் திர்மிதியிலும் இடம்பெற்று, நூற்றாண்டுகளாக அம்பெய்தலைச் சிறப்பிக்க எடுத்துக் காட்டப்பட்டு வந்திருக்கிறது. இதை நாம் எப்போதும் சிறப்பாகவே வாசிக்கிறோம். எனக்கோ இதில் ஒரு கணக்கு தெரிகிறது. நல்ல காரியத்தில் அம்பைச் செய்தவருக்கும் கொடுத்தவருக்கும் பங்கு உண்டு என்றால், வரவில் பெயர் எழுதப்பட்டவர் செலவில் மட்டும் எப்படி விடுபடுவார்? ஸஹீஹுல் புஹாரியின் வியாபாரப் பகுதியில் குழப்ப காலத்தில் ஆயுதம் விற்பது பற்றி ஒரு தலைப்பே இருக்கிறது. இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அதை வெறுத்தார் என்ற செய்தி அந்தத் தலைப்போடு சேர்ந்து வருகிறது. மதுப் பிழிபவர் என்று தெரிந்தும் அவருக்குத் திராட்சை விற்பதை நம் ஷாஃபிஈ நூல்கள் தடுக்கின்றன. திராட்சை ஹலால்தான், வாங்குபவர் யார் என்று தெரிந்ததனால் வந்த தடை அது.

பழைய சட்ட அறிஞர்களுக்கு இருந்த வசதி நமக்கு இல்லாமற் போன இடமும் இதுவே. திராட்சைக்காரருக்குத் தன் ஊர் மதுப் பிழிபவரைத் தெரியும். அம்பு செய்தவர் எடுத்துக் கொடுக்கும் கையைப் பார்த்தார். ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் பட்டறைக்காரர்கூட இந்தக் கண்ணாடி இந்தத் துவக்குக்கு என்று எழுதினார். 5.23 மில்லிமீற்றர் காடிக்கு யாரையும் தெரியாது. காற்றுத் துவக்கிலும் ஏறும், வேட்டைத் துவக்கிலும் ஏறும், இராணுவத்திலிருந்து ஓடிப்போனவன் கொண்டுபோய்ப் பாதாளக் குழுவுக்கு விற்றதிலும் ஏறும். நண்பரின் சொந்தத் துவக்கையே எடுங்கள். அது மனிதரைச் சுட 1940களில் செய்யப்பட்டு, யுத்தம் முடிந்து மிஞ்சி, கைமாறிக் கைமாறி மான் வேட்டைக்கு வந்திருக்கிறது. முதற் கையின் நிய்யத்தில் ஒரு துளியும் அதில் ஒட்டியிருக்கவில்லை. அப்படியென்றால் இவருடைய நிய்யத் மட்டும் அடுத்த கைவரை ஒட்டிக்கொண்டிருக்கும் என்று எதை வைத்து நம்புவது? இரும்புக்கு ஆயுள் கூட.

இங்கே அளவு மீறவும் கூடாது. 2025 பெப்ரவரி 19ஆம் திகதி புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளே கணேமுல்ல சஞ்சீவ சுட்டுக் கொல்லப்பட்டார். கைத்துப்பாக்கி ஒரு சட்டப் புத்தகத்தின் தாள்களை உள்ளே வெட்டிக் குடைந்து அதற்குள் கொண்டுவரப்பட்டிருந்தது. புத்தகங்களோடு வாழ்கிற நமக்கு அந்தச் செய்தி தனியாக ஓர் உதறலைத் தந்தது. ஆனாலும் அச்சகத்தாரையோ புத்தகம் கட்டியவரையோ யாரும் குறை சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. புத்தகத்தின் காரியம் அதுவல்ல. எல்லாம் எதற்கும் பயன்படும், ஆகவே எவரும் எதற்கும் பொறுப்பு என்று போனால் கொல்லன் உலையை மூட வேண்டும், நானும் இயல்பொத்த முக்கோணி படிப்பிப்பதை நிறுத்த வேண்டும். ரெயிலின் விடயம் வேறு. அது துவக்கின் குறியைத் தாங்குவதற்கென்றே பிறந்தது. அதைப் பிழையான காரியத்துக்கு எடுப்பவர் அதன் இயல்பை ஒன்றும் மாற்றிவிடுவதில்லை, இலக்கை மட்டும்தான் மாற்றுகிறார்.

இந்த இடத்தில் 2010 ஜனவரியில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. அமெரிக்க இராணுவம் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பாவித்த குறிபார்க்கும் கண்ணாடிகளில், தொடரிலக்கத்தின் கடைசியில் பைபிள் வசனங்களின் அத்தியாய எண்கள் பொறிக்கப்பட்டிருந்தது வெளியானது. செய்தவர்கள் மிச்சிகனிலுள்ள ட்ரிஜிகோன் கம்பனி. பெரிய கூச்சல் எழுந்தது. முஸ்லிம் நாடுகளில் இப்படியா என்று அமெரிக்காவுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. கம்பனி பொறிப்பதை நிறுத்தி, ஏற்கெனவே பொறித்ததை அகற்றும் கருவிகளையும் கொடுத்தது. நியூசிலாந்து இராணுவமும் தன் கண்ணாடிகளிலிருந்து அகற்ற முடிவெடுத்தது. நம் தரப்பிலும் கோபப்பட்டார்கள், நியாயம்தான். ஆனால் சுரண்டப்பட்டது எழுத்து. கண்ணாடி இருந்த இடத்திலேயே இருந்தது, குறியும் பிசகவில்லை. வேதத்தின் எண் போனதும் பிரச்சினை தீர்ந்ததாக எல்லாத் தரப்பாரும் வீட்டுக்குப் போனது எனக்கு இன்றும் விளங்காத அமைதி.

நண்பரோடு நான் இவ்வளவையும் ஒரே மூச்சில் பேசவில்லை. பாதி அங்கே பேசியது, பாதி ஊருக்கு வந்து யோசித்தது. இடையில் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். ரெயிலைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். கழகத்தில் இரண்டு பேர் தங்களுக்கும் வேண்டும் என்றார்களாம். அங்கத்தைய விலையில் பத்திலொரு பங்குக்கு இங்கே வெட்டி எடுக்கலாம் என்பது அவர் கணக்கு. என்னிடம் படித்த பிள்ளை ஒருவர் ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே போகும் சந்து ஒன்றில், மாமனாரின் லேத் பட்டறையை நடத்துகிறார். கை சுத்தமான வேலைக்காரர். படிக்கும் காலத்தில் பின்னக் கணக்கில் கோட்டை விட்டவர், இப்போது மில்லிமீற்றரில் நூறிலொன்றைப் பிடிக்கிறார் என்பதில் எனக்கு இரகசியப் பெருமை உண்டு.

ரெயிலை வாங்கி வேர்னியரால் காடியை அளந்தார். இரண்டாவது காடியையும் அளந்தார். “நல்ல வேலை சேர். மில்லிங்கில போட்டா வெட்டலாம்” என்றார். தேத்தண்ணி வந்தது. பிறகு பில் புத்தகத்தை எடுத்தார். அதில் பொருள், அளவு, தொகை என்ற வழக்கமான நிரல்களோடு ‘எதற்கு’ என்று கையால் கோடு போட்ட ஒரு நிரல் இருந்தது. யுத்த காலத்தில் லேத் வைத்திருப்பவர்களிடம் இது என்ன, அது எதற்கு என்று விசாரணை வரும். கேட்டால் காட்ட மாமனார் தொடங்கிய பழக்கம். யுத்தம் 2009இல் முடிந்த பின்னும் மருமகன் அந்த நிரலை எடுக்கவில்லை.

“இது எதுக்கு எண்டு எழுத சேர்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் நண்பரைப் பார்த்தேன். நண்பர், “கெமராச் சாமான் எண்டு எழுதுங்க தம்பி, எதுக்கு வீண் கரச்சல்” என்றார்.

இருபதாவது வெடியில் கோடு உடைந்ததை மறைக்காத மனிதர். கடைக்காரர் முகம் சுளித்தும் இலக்கத்தை மாற்றாதவர். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் எவ்வளவு இலகுவாக வந்தது என்பதை அவரே கேட்டிருப்பார் போலும், தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, “இல்ல, துவக்கு ரெயில் எண்டே எழுதுங்க. ரெண்டு” என்று திருத்தினார்.

பட்டறைக்காரர் பேனையை மூடினார். “அப்பிடி எழுதினா ஆருக்கு எண்டும் எழுதணும் சேர். எனக்கு அந்த ரெண்டு பேரையும் தெரியா.” குரலில் கண்டிப்பு ஒன்றும் இல்லை, ஆணி கைவசம் இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னார்.

நண்பர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன் என்று. படித்த பிள்ளையிடம் என் சொல்லுக்கு அங்கே மரியாதை இருந்தது, இவர் என் கூட்டாளி, நம்பலாம், வெட்டிக் கொடுங்கள் மகன் என்றால் அவர் வெட்டியிருப்பார். நான் சொல்லவில்லை. நண்பர் ரெயிலை மறுபடி துணியில் சுற்றினார். வெளியே வரும்போது பட்டறைக்காரர் அடுத்த பக்கத்தைப் புரட்டி, முச்சக்கர வண்டிப் புஷ், இரண்டு, என்று எழுதிக்கொண்டிருந்தார். ‘எதற்கு’ என்ற நிரலில் வண்டியின் இலக்கத்தையும் போட்டார்.